ஈவ்லினின் நெஞ்சுவலி

"குளிருது, ஸ்வெட்டரைப் போட்டுட்டுப் போங்க" என்றாள் ஈவ்லின்.

"வெயில் வந்துடும்" என்று படியிறங்கினான் அவள் கணவன் செலஸ்டின். பச்சைத் தேயிலை விலை விழுந்து, பலர் இலையைப் பறிக்காமலே விட்டிருந்த வருஷம். வெயில் வருவதற்குள் ஃபேக்டரி வாசலில் விழுந்து இறந்துபோனான்.

"அவங்கப்பாவும் இப்படித் திடீர்னுதானே போனாரு?" என்றார் டாக்டர். "கூடப் பிறந்தவருக்கு ஈசிஜி, எக்கோ எடுத்துடுங்க. முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்திடலாம்."

கூடப் பிறந்தவன் டெனின் ஒருவன்தான். எமரால்டு கிராமத்திலிருந்து அவன் வந்து பேசும்போதெல்லாம் ஈவ்லின் அடுக்களையை விட்டு வரமாட்டாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் செலஸ்டினின் குரலேதான். அந்தக் குரலாவது மிஞ்ச வேண்டும்.

"டெஸ்ட் எதுக்கு? கல்லு மாதிரி இருக்கேன் அண்ணி."

"உங்கண்ணனும் கல்லு மாதிரிதான் இருந்தாரு."

"கேரட் பிடுங்கணும்." அடுத்த வாரம், "ஜீப்புல கிளட்ச் போச்சு." அதற்கடுத்த வாரம், "மழை."

மழை நிற்கிற ஊரா இது? ஈவ்லின் அவன் எதிரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு ராமாத்தாள் ஓடிவந்தாள். "வாயுதானுங்க!" என்று பச்சைப் பூண்டை வாயில் திணித்தாள். காரத்தில் ஈவ்லினுக்கு நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. மிரண்டுபோன டெனின், நோயாளிக்குப் பூசும் எண்ணெயோடு பங்குச் சாமியாரையே அழைத்துவந்துவிட்டான்.

"பாவசங்கீர்த்தனம் செய்றியாம்மா?"

டெனினை வெளியே அனுப்பிவிட்டு, பொய்யைச் சாமியார் காதில் சொன்னாள். அவர் எண்ணெய்ச் சிமிழை மூடினார். அபராதமாக ஜெபமாலை சொல்லச் சொன்னார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"டெனின், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

குன்னூர் ஆஸ்பத்திரி. ஈசிஜி அறைக்குள் போனதும் ஈவ்லின் நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. பார்க்க வேண்டியது இவருக்கு."

டெனின் முகம் வெளுத்தது. "வேண்டாம் அண்ணி. வீட்டுக்குப் போலாம், வாங்க."

ஈசிஜி எடுக்கும் மருதாம்பாள் அவனை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க தம்பி, மறுபடியும் ஏமாந்துட்டீங்களா? போன வருசம் உங்கண்ணனும் நெஞ்சு வலின்னு பொய் சொல்லித்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தாரு! உங்களுக்கு நல்லாருக்குன்னதும், தனக்கு எடுக்காமயே சிரிச்சுட்டுப் போயிட்டாரு. எங்கீங்க, அவரு வரலீங்களா?"