படகு ரெடி, ஒரு சின்ன வேலைதான் பாக்கி

படகு வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நமக்கென்ன, பிழைப்பைப் பார்க்கிறவர்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். இன்னொரு வகை, ரெடி பண்ணுகிறவர்கள். இவர்கள் படகை வாங்குவார்கள், கழுவுவார்கள், கழற்றுவார்கள், மாட்டுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், அடித்த பெயிண்ட் சரியில்லை என்று சுரண்டுவார்கள், சுரண்டின இடத்தில் மறுபடி அடித்துவிட்டு எட்டி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீரில் மட்டும் இறக்க மாட்டார்கள். இதெல்லாம் கடற்கரையில் நடக்கிற கூத்து என்று நினைத்துவிட்டீர்களா? ஜவ்வாது மலை அடிவாரத்தில், உப்புக்காற்றே எட்டாத ஒரு புளியந்தோப்பின் நடுவில் நடக்கிறது. படகுக்காரர் பெயர் ஆதிநாராயணன்.

படவேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர். நெல்லும் கரும்பும் புளியும் விளைவிக்கிற குடும்பம், மீனைச் சட்டியில் மட்டும் பார்த்த குடும்பம். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மொய் வைத்தோமா சாப்பிட்டோமா என்று வந்திருக்கலாம். பழைய பைபர் படகு ஒன்றை, பின்னால் மாட்டுகிற மோட்டாரோடு, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மனைவி ரேணுகாதேவி வாசலுக்கு வந்து பார்த்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

ஆதிநாராயணனைக் கேட்டால் காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்கு மேலே, மலைத்தண்ணீர் வந்து தேங்குகிற பெரிய ஏரி இருக்கிறது. அதில் மீன் குத்தகை எடுத்தவன் கருப்பன். லாரி டியூப் மேல் பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்து, இடுப்பு வரை நனைந்துகொண்டு வலை விடுகிறவன். அவனிடம் இவர் வாக்குக் கொடுத்திருந்தார். இனி டியூப்பே வேண்டாம், நான் ஓட்டுகிறேன், நீ வலை விடு, மீனைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம் என்று. கருப்பன் நம்பினான். தினமும் நனைந்துகொண்டே நம்பினான்.

இவர் காலையைப் பார்க்கவேண்டும் நீங்கள். காபி டம்ளரோடு படகை ஒரு சுற்றுச் சுற்றுவார். விரலால் ஓரிடத்தைத் தேய்ப்பார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்து, "ம்ம்" என்பார். என்ன கேட்டது என்று யாருக்கும் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டாரைத் தூக்கி நீல டிரம்மில் நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, கயிற்றை இழுத்து ஓடவிடுவார். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி பீய்ச்சினால் மோட்டார் சுகமாக இருக்கிறது என்று அர்த்தமாம். ஊரே வந்து சுற்றி நின்று அதைப் பார்க்கும். டிரம் தண்ணீர் எல்லார் மேலும் தெறிக்கும். பீய்ச்சியதும் கை தட்டிவிட்டுக் கலைந்து போவார்கள். மோட்டார் ஓடி ஓடித் தேய்ந்தது, படகு இருந்த இடத்தில் இருந்தது.

கருப்பன் எப்போது வந்து கேட்டாலும் ஒரே பதில்தான். ரெடி, ஒரு சின்ன வேலைதான் பாக்கி. அந்தச் சின்ன வேலைக்கு ஒரு திருகாணி வேண்டும். திருகாணி ஆலங்காயத்தில் கிடைக்கும். ஆலங்காயம் போனால் அது அரை நூல் தடித்துக் கிடைக்கும். அதற்கு ஓட்டையைப் பெரிதாக்கவேண்டும். பெரிதாக்கினால் பெயிண்ட் போய்விடும். பெயிண்ட் அடிக்கவேண்டும் என்றால் மழை நிற்கவேண்டும். மழை நின்றால் மனிதர் சும்மா இருப்பாரா? லாரி ஹாரன் ஒன்று வாங்கி மாட்டினார், இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தார், பின்பக்கத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதினார். அந்த ஏரியில் பின்னால் வந்து ஒலி எழுப்பக் கருப்பனின் டியூப்பைத் தவிர வேறு எது இருக்கிறது?

கார்த்திகை அடைமழையில் ஒருநாள் ரேணுகாதேவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னாங்க, காணும் பொங்கலுக்குள்ள இது தண்ணியில எறங்கணும். எறங்கலைன்னா மாசியில உலுக்குற புளிய மொத்தமும் இதுலதான் கொட்டுவேன். பானையும் வாணாம், கூடையும் வாணாம்."

ஆதிநாராயணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மா சொன்னால் செய்கிறவர். படகின் மேல் பாயை விரித்து எவ்வளவு புளி கொள்ளும் என்று அன்றைக்கே அளந்தும் பார்த்துவிட்டார். ஐயோ பாவம், அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அப்படித் துடைத்துத் துடைத்து வைத்த வெள்ளைப் பைபர் மேல் கொட்டையும் ஓடுமாகப் புளி குவிந்து கிடப்பதுதான் கண்ணில் நின்றது.

காணும் பொங்கல் வந்தது. ஏரிக்கரை முழுக்க ஜனம், தூக்குச்சட்டி, கரும்பு. கருப்பன் பிடித்துவந்த டிராக்டரில் படகு வந்து இறங்கியது. வண்டி புதிதாக ஓடுவதென்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவேண்டும், அது முறை. படகுக்குச் சக்கரம் எங்கே? டிராக்டர் சக்கரத்தில் வைக்கலாம் என்றார்கள். புண்ணியம் டிராக்டருக்குப் போய்விடும் என்று ஆதிநாராயணன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தண்ணீர் ஓரமாகப் பழங்களை வைத்து, அதன்மேல் படகைத் தள்ளினார்கள். பழங்கள் நசுங்கவில்லை, உருண்டு ஏரிக்குள் போய் மிதந்தன. படகு அவற்றின் பின்னால் போனது.

போன வேகத்தில் உள்ளே தண்ணீர் ஏறியது. ஏறிய ஆதிநாராயணனுக்கும் கருப்பனுக்கும் பாதம் நனைந்தது, பிறகு கணுக்கால் நனைந்தது. மழைத்தண்ணீர் வடிவதற்காகப் படகின் அடியில் பின்னால் ஒரு ஓட்டை இருக்கும், அதற்கு ஒரு பித்தளைத் திருகு மூடி உண்டு. அந்த மூடியைக் காணோம். ஆதிநாராயணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் கழற்றித் தேய்த்துச் சாமிமுன் வைத்தாரே, மற்றதெல்லாம் திரும்பி வந்தது, பித்தளை மூடி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

ரேணுகாதேவி வாயைப் பிளந்தார். "அதுக்கா நான் வெள்ளிக்கெழம தவறாம பொட்டு வெச்சினு இருந்தேன்? ஒங்க வூட்டு கொலசாமி சாமான்னு இல்ல நெனச்சேன்."

ஆதிநாராயணன் கண்ணில் ஒரு நிம்மதி வந்ததை நீங்கள் கவனித்திருக்க வேண்டும். இன்றைக்கு முடியாது, வீட்டுக்குப் போகலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா கரையில் ஒருவர் கடித்துக்கொண்டிருந்த கரும்பைப் பிடுங்கி, நுனியைச் சீவி, படகில் ஏறி ஓட்டையில் சொருகி, கல்லால் நாலு போடு போட்டார். தண்ணீர் நின்றது. கருப்பன் மிச்சத்தை இறைத்துக் கொட்டினான். ஆதிநாராயணன் மோட்டார் கயிற்றைக் கையில் சுற்றினார். இழுத்தார். பிடித்துக்கொண்டது.

அடேயப்பா, என்ன ஓட்டம். மலை பின்னால் ஓட, கரை பக்கத்தில் ஓட, கண்ணாடியில் ஜனமெல்லாம் சின்னதாகிக்கொண்டே போக, ஆதிநாராயணன் யாருமே இல்லாத ஏரியில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். கருப்பன் வலையில் ஜிலேபி மீனும் கெண்டையும் துள்ளின. அவன் சட்டை நனையாமல் வலை இழுத்தது ஆயுசில் அதுதான் முதல் தடவை. ரேணுகாதேவி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இன்னொரு ரவுண்டு போங்க என்று சிறுபெண்ணைப்போல் கூவினார். ஆதிநாராயணனுக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல் சந்தோஷம்.

இன்னொரு ரவுண்டில் முகம் வாடிவிட்டது. மோட்டார் சரியாக ஓடுகிறது. பெயிண்ட் பளபளக்கிறது. எதுவும் ஆடவில்லை, எதுவும் ஒழுகவில்லை. கருப்பன் நாளையிலிருந்து தினம் விடிகாலையில் வந்துவிடச் சொல்கிறான். வந்து? ஓட்டவேண்டும். வெறுமனே ஓட்டவேண்டும். காலை எழுந்து காபியோடு எதைச் சுற்றுவது? கரை ஏறும்போது மனிதர் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த தகப்பனைப் போல இருந்தார்.

திடீரென்று மோட்டார்மேல் குனிந்தார். காதை வைத்தார். முகம் மலர்ந்தது.

"ரேணுகா, உள்ள இன்னாவோ சத்தம் கேக்குது."

"மோட்டாரத்தான் நிறுத்திட்டீங்களே. எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"உனக்குக் கேக்காது."

ரேணுகாதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சண்டைக்குப் போகவில்லை. "சரி, மோட்டார மட்டும் கழட்டி வூட்டுக்கு எடுத்துனு போங்க. படகு இங்கியே கெடக்கட்டும். நானும் கருப்பனும் துடுப்பு போட்டுக்கறோம்" என்றார். இப்போது அப்படித்தான் நடக்கிறது. கருப்பனுக்குச் சட்டை நனைவதில்லை, அந்த அம்மா வீட்டில் மீன் குழம்புக்குக் குறைவில்லை, ஆதிநாராயணன் ஒரு பழைய லுங்கியை விரித்து அதன்மேல் மோட்டாரைத் துண்டு துண்டாகப் பரப்பிவைத்துக்கொண்டு பரம சுகமாக இருக்கிறார்.

பாவம் மனிதர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் பெட்ஷீட் போட்டு மூடியிருக்கிறதே, ஆர்மோனியமோ, தையல் மிஷினோ, நடந்து இளைக்கிற மிஷினோ, அது என்ன? அதை இன்றைக்குத் தொடலாம் என்று எழுந்துவிட்டீர்களா? நல்லது. எழுந்தவர் நேரே அதனிடம் போகிறீர்களா, இல்லை அதை வைக்க இந்த மூலை நல்ல மூலையா, ஜன்னலோரம் நல்லதா என்று இடுப்பில் கைவைத்து யோசித்துக்கொண்டு நிற்கிறீர்களா?