ஜெர்மனியில் மெஷின், அல்பெர்கேரியாவில் ஓவன்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. காலை எட்டு மணிக்கு ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, மாலை ஆறு மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவ்வளவுதான். அதையும் கெடுத்தேன்.

பலெர்மோ நகரில், பொலிதேயாமா பகுதியில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமில்லை. திங்கள் காலை முதலாளிக்கு ஒரு புரோகிராம் காட்ட வேண்டும். மாண்டரின் பழத்தைக் கேமராவில் பார்த்து, நல்லதா அழுகலா என்று அது சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வேலை எனக்கு. எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அம்மா ஏற்கெனவே பலெர்மோத் தமிழர் எல்லாருக்கும் "பிள்ளைக்கு வேலை சரி" என்று சொல்லிவிட்டார்!

பழங்களின் படங்களை எடுத்தது அப்பா. நகருக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு மாண்டரின் தோட்டத்தில் வேலை செய்கிறார்.

அந்தப் படங்களைக் காட்டிப் புரோகிராமைப் பழக்க ஜிபியு உள்ள பெரிய கணினி வேண்டும். பத்து மணி நேரமும் வேண்டும். கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக, எங்கோ இருக்கும் ஒன்றை வாடகைக்கு எடுக்க ஆபீஸ் அனுமதி தந்தது, ஞாயிறு மாலை ஆறு மணி வரை.

அதில் இரண்டு வகை. கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா? சனிக்கிழமை முழுதும் இதே யோசனை. கொப்பியில் கோடு போட்டு ஒப்பிட்டேன். மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள்.

கடைசியில் அம்மாவின் தொழிலை வைத்துத்தான் விளங்கியது. அம்மா சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறைகளைத் துப்புரவாக்குகிறார். கன்டெய்னர் அந்த அறை மாதிரி. சட்டென்று கிடைக்கும். ஆள் வெளியேறினால் விட்டுப்போனதெல்லாம் குப்பைக்கு. விர்ச்சுவல் மெஷின் வாடகை வீடு மாதிரி. பூட்டிவிட்டுப் போகலாம், சாமான் அப்படியே இருக்கும்.

எனக்கு எதையும் தொலைக்கப் பயம். வாடகை வீட்டையே, அதாவது விர்ச்சுவல் மெஷினையே எடுத்தேன்.

அம்மாவுக்கு வேறு பயம்.

"பெரிய மெஷின் எண்டு சொல்லுறாய். எங்கை பிள்ளை வைக்கப்போறாய்? உது கன கரண்ட் இழுக்குமே!"

"அது இஞ்சை இல்லை அம்மா. ஜெர்மனியிலை இருக்கு."

"ஜெர்மனியிலையோ? அப்ப உன்ரை சித்தியை ஒருக்காப் போய்ப் பாக்கச் சொல்லட்டோ?"

"வேண்டாம் அம்மா! நீங்கள் பயப்பிடாமல் என்னவெண்டாலும் போடுங்கோ."

என் வாயால் நானே சொன்னேன்.

ஞாயிறு எட்டு மணிக்கு அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டில் இருந்தபடி ஆரம்பித்தேன். நன்றாக ஓடியது. பன்னிரண்டரைக்கு ஓவனில் கோழி வெந்தது. வாஷிங் மெஷினில் படுக்கை விரிப்புகள் சுற்றின. அப்பாவின் குளிப்புக்குத் தண்ணீர் சுட்டது. அம்மா அயர்ன் பொக்ஸையும் செருகினார்.

டக்!

"இஞ்சேரும்! ஆரப்பா கரண்டை நிப்பாட்டினது?" குளியலறைக்குள் இருந்து அப்பா.

"நீதானே பிள்ளை சொன்னனீ, மெஷின் இஞ்சை இல்லை, என்னவெண்டாலும் போடுங்கோ எண்டு!" இது அம்மா.

மடிக்கணினிக்குப் பாட்டரி இருந்தது. வைஃபை பெட்டிக்கு இல்லை. என் போனில் டேட்டாவும் முடிந்திருந்தது.

சுமை கூடினால் தானாக விழும் மீட்டர் சுவிட்ச் நாலு மாடி கீழே, பூட்டிய பெட்டிக்குள். பூட்டின் திறப்பு தரைமாடியில் குடியிருக்கும் சின்யோரா அம்மாவிடம். சின்யோரா பல்லரோ சந்தையில். ஓடினேன். மீன்கடை வரிசையில் நின்றார்.

"சின்யோரா, மீட்டர் திறப்பு! அவசரம்!"

"ஜோயா, என் செல்லமே, எனக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். உனக்கு என்ன அப்படி அவசரம்?"

"ஜெர்மனியில் ஒரு கணினி ஓடுகிறது..."

"இங்கே கரண்ட் போனால் ஜெர்மனிக்கு என்ன?"

மீன்கடைக்காரரும் என்னைப் பார்த்தார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

மீன் வாங்கி, செதில் எடுப்பித்து, எனக்கு எப்போது கல்யாணம் என்றும் விசாரித்து, சின்யோரா வந்து பெட்டியைத் திறக்கும்போது மணி இரண்டு.

ஜெர்மனியில் மெஷினுக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்குள் ஓடிய வேலைதான் செத்துப்போயிருந்தது. அதை என் மடிக்கணினியிலிருந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இணைப்பு அறுந்தால் அதுவும் நின்றுவிடும். நிற்காமல் தொடர வைக்க ஒரு சின்னக் கட்டளை உண்டு. வாசித்தும் இருந்தேன்! "பக்கத்திலேயே இருக்கிறேனே, எதற்கு" என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்தபின் ஒரே தடவை சேமித்தால் போதும் என்றும் புரோகிராமில் எழுதி வைத்திருந்தேன்.

பூட்டிய வீடு பத்திரம். உள்ளே சாமான்தான் இல்லை.

முதலிலிருந்து ஓட்டினேன். மிச்சம் நாலு மணி நேரம். அம்மா பயத்தில் ஓவனைத் தொடவே இல்லை. மாலையில் கோழியும் அரை வேக்காடு, புரோகிராமும் அரை வேக்காடு.

திங்கள். முதலாளி நல்ல பழத்தைக் காட்டினார். "நல்லது" என்றது திரை. அழுகலைக் காட்டினார். "நல்லது." கோப்பிக் கோப்பையைக் காட்டினார். "நல்லது." கடைசியாகக் குனிந்து தன் மொட்டைத் தலையைக் காட்டினார்.

"நல்லது."

ஓவன், அயர்ன், திறப்பு, மீன், நான் தட்டாத கட்டளை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓவனும் வாஷிங் மெஷினும் ஒன்றாகவா?"

"அயர்னும்."

"எங்கள் வீட்டில் தலைமுடி உலர்த்தினாலே போய்விடும்," என்றார். அவர் தலையை நான் பார்க்கவில்லை. "மனைவியின் தலைமுடி," என்றார். "சரி, உன் புரோகிராம் எல்லாவற்றையும் நல்லது என்கிறது. நீயாவது உள்ளதைச் சொல்கிறாய். வேலை உனக்குத்தான். ஞாயிறு திரும்ப ஓட்டு."

இப்போது யாராவது அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கள் குசினியில், ஓவனுக்குப் பக்கத்தில் என்று சொல்கிறேன்.