தொலைக்காட்சியில் தெரிந்த மஞ்சள் சட்டை

ஜூன் மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து பன்னிரண்டு. வானம் மூடிக்கிடந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசிய காற்றில் எங்கள் மாடியில் காய்ந்த துண்டுகளில் இரண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டன. மழை வரும் போலிருந்தது, வரவில்லை. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில் நான் தொலைக்காட்சியின் முன் உட்காராமல், பறந்துபோன துண்டுகளைத் தேடியாவது போயிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

எனக்கு வயது எழுபத்தொன்று. நூற்பாலைக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். எண்ணிப் பார்க்காமல் நான் எதையும் நம்பியதில்லை. எண்ணிப் பார்த்த பிறகும் நம்பியதில்லை. (கேஸ் சிலிண்டரை நான் எடை போட்டுத்தான் உள்ளே விடுவேன் என்று தெருவுக்கே தெரியும். சிலிண்டர் போடுகிற தம்பி இப்போது தராசை அவனே கேட்டு வாங்கிக்கொள்கிறான்.)

என் மகன் செந்தில் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். நாற்பது மெஷின். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது, விலை பேசுவது எல்லாம் மருமகள் கவிதா. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முன்கூட்டியே அறிவித்துவிட்டாள்: பத்து மணியிலிருந்து யாரும் தன்னைக் கூப்பிடக் கூடாது. அவளுக்குப் பிடித்த வெளிநாட்டுப் பாடகி ஒருத்தியின் கச்சேரியைப் படமாக எடுத்து, மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற செயலியில் போட்டிருக்கிறார்களாம்.

சந்தா என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“மாசம் எவ்வளவு கண்ணு?”

“அத விடுங்க மாமா. பாட்டக் கேளுங்க.”

“நாம பாக்காத நாளுக்குக் கழிச்சுக் குடுப்பாங்களா?”

“மாமா, ஆரம்பிச்சிருச்சுங்க!”

திரையில் சின்ன எழுத்தில் ஏதோ ஊர்ப் பெயரும் தேதியும் வந்து போயின. நான் அப்போது மாதத்துக்கு எத்தனை நாள் பார்க்கிறார்கள் என்று விரல் விட்டுக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை.

பாடகி மேடைக்குக் கீழேயிருந்து முளைத்து வந்தாள். கூட்டம் அலறியது. எனக்கு அந்தக் கூட்டத்தின் மேலேயே சந்தேகம். ஒரு வரிசையில் எத்தனை தலை, எத்தனை வரிசை என்று பெருக்கிப் பார்த்தேன். நாற்பதாயிரத்துக்குக் குறையவில்லை. இத்தனை பேரும் காசு கொடுத்தா வந்திருப்பார்கள்?

“அழறாங்க பாருங்க மாமா,” என்றாள் கவிதா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“எதுக்கு அழறாங்க? டிக்கெட் வெலைக்கா?”

கவிதா சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினாள். (பாட்டு கேட்கவா, என்னைக் கேட்காமலிருக்கவா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.)

திருப்பூர்க்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு. திரையில் யார் வந்தாலும் நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. உடம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். கதாநாயகன் குண்டடி பட்டுக் கிடக்கையில் மற்ற ஊர்களில் விசும்பல் கேட்கும். எங்கள் ஊர்த் தியேட்டரில் யாராவது ஒருவர், “சட்டைக் கையோட தையல் சரியில்லீங்க,” என்பார். அப்படித்தான் நானும் அந்த நாற்பதாயிரம் பேரைச் சட்டை சட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பத்தோராவது நிமிடத்தில், ஒருவன் தோளில் ஏறி உட்கார்ந்து கையாட்டிய ஒரு பெண்ணைக் காட்டினார்கள். மஞ்சள் டீ-சட்டை. கழுத்துப் பட்டி மட்டும் ஒரு சாயல் அடர்த்தி.

“நிறுத்து! நிறுத்து கண்ணு!”

கவிதா பதறிப்போய் நிறுத்தினாள். எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துக்கொண்டாளாம்.

விஷயம் இதுதான். போன வருடம் மார்த்தா என்கிற வெளிநாட்டு அம்மாவுக்கு நாங்கள் மஞ்சள் டீ-சட்டை தைத்து அனுப்பினோம். நெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்ட பூனைப் படம். சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, முந்நூறு சட்டைகளில் கழுத்துப் பட்டியின் நிறம் ஒத்துவரவில்லை, அவற்றை அழித்துவிட்டோம் என்று எழுதி, அதற்கான பணத்தைப் பிடித்துக்கொண்டாள் மார்த்தா. செந்தில் சரியென்றான். நான் சரியென்று சொல்லவில்லை. அழித்ததை யார் பார்த்தது? முந்நூறு சட்டையையும் எங்கேயோ விற்றிருப்பாள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதோ, விற்றிருக்கிறாள்!

நான் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றேன்.

“மாமா, பூனையே தெரியலீங்களே?”

“முன்னால ஒருத்தன் அட்டையத் தூக்கிப் புடிச்சிருக்கறான் பாரு. அதுக்குப் பின்னால இருக்குது பூனை.”

அந்த நேரம் பார்த்து என் மனைவி சரஸ்வதி முருகன் கோயிலிலிருந்து திரும்பினாள். கையில் திருநீறு. எதிரே, தொலைக்காட்சி நிறைய ஓர் இளம்பெண்; அவள் கழுத்துக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவன்.

“ஏனுங்க, நான் ஆறு கிலோமீட்டரு போயித் தரிசனம் பண்ணிட்டு வாரேன். உங்குளுக்கு ஊட்டுக்குள்ளயே கெடைச்சிருச்சாட்ட இருக்குது?”

“நான் கழுத்தப் பாக்கறேன் சரசு.”

“அதத்தானுங்க நானும் சொல்றேன்!”

கவிதா சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சிரிப்புக்கு அவர்கள், உண்மைக்கு நான். செந்தில் வந்ததும் படத்தைக் காட்டினேன். அவன் பார்க்கவே மறுத்தான். “அப்பா, கும்புட்டுக் கேட்டுக்கறேனுங்க. அடுத்த சீசன் ஆர்டர் மொத்தமும் அந்தம்மா கையில இருக்குது. புதன்கெழம சொல்றேன்னிருக்காங்க. அது வரலீனா நாப்பது மெஷின்ல இருபத்தஞ்ச நிறுத்தோணும். வாயத் தொறந்துறாதீங்க.”

வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆர்டருக்கென்று செல்போனில் ஒரு குழு உண்டு. அட்டைப்பெட்டிகளை எண்ணிப் படம் எடுத்துப் போடுவதற்காக என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். மார்த்தாவும் இருந்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கவிதா செய்ததைப் பார்த்து வைத்திருந்தபடி நானே படத்தை ஓட்டி, அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்தினேன். திரைக்கு நேராக நின்று பதினோரு படம் எடுத்தேன். அதில் தெளிவான நான்கைக் குழுவில் போட்டு, கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். நூற்பாலையில் எனக்குக் கடித நடைக்குப் பெயர் உண்டு. ‘மதிப்பிற்குரிய அம்மையீர், அழிக்கப்பட்டதாகத் தாங்கள் தெரிவித்த சட்டைகளில் ஒன்று இத்துடன் இணைத்துள்ள படத்தில் உயிரோடும் உற்சாகத்தோடும் காணப்படுகிறது. தங்கள் விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன்.’

ஏழு நாள் ஆகவில்லை. மாலை காப்பி குடிக்கும்போதே வந்துவிட்டது. கவிதாதான் முதலில் படித்தாள். படித்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செந்திலிடம் போனை நீட்டினாள். மார்த்தா மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள். அந்தக் கச்சேரி நடந்து இரண்டு வருடமாகிறது. தன் மகளோடு அந்தக் கச்சேரிக்குத் தானும் போயிருந்தாள். எங்களுக்கு ஆர்டர் கொடுத்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. ஆகவே அந்தப் பெண் போட்டிருப்பது நமது சட்டை அல்ல. கழுத்து அடர்த்தியாகத் தெரிவது மேடை விளக்கால் இருக்கலாம். உலகத்தில் எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இந்தத் தேதியை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைசியில் இரண்டு வரி இருந்தது: ‘ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தொலைக்காட்சிக் கண்ணாடியில், கையில் போனோடு ஒரு முதியவர் தெரிகிறார். அவர் போட்டிருப்பது நமது சட்டை.’

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன். நெஞ்சில் பூனை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மார்த்தாவின் சரக்கில் இங்கேயே சோதனையில் கழிந்த சட்டைகள் பதினெட்டு. அவள் படம் போட்ட எதுவும் வெளியே போகக் கூடாது, வெட்டி அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த வேலையை என்னிடம் விட்டார்கள். கத்தரிக்கோலை எடுத்தேன்; மனசு வரவில்லை. கழுத்தில் ஒரு சாயல் கூடிவிட்டால் மனுஷன் போட முடியாதா? இந்த ஊரில் ஏற்றுமதியில் கழிந்த சட்டை போடாத உடம்பு எது? கழுத்துக்கு உள்ளே இருந்த பெயர்ச் சீட்டை மட்டும் வெட்டிவிட்டு, பதினெட்டையும் சொந்தபந்தத்துக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தேன். அழித்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டேன். போட்டுவிட்டு, மார்த்தா அழித்தாளா என்று ஒரு வருடம் சந்தேகப்பட்டிருக்கிறேன்!

செந்தில் கத்தியிருந்தால் தேவலை. “நல்லா மாட்டி உட்டீங்கப்பா,” என்று மெல்லச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கவிதா போனில் மார்த்தாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். முடிவு: புதன்கிழமைக்குள் பதினெட்டுச் சட்டையும் திரும்ப வர வேண்டும். மார்த்தா பார்க்க, வீடியோவில் வெட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆர்டர் கிடையாது.

வீட்டில் ஐந்து. கம்பெனி வாட்ச்மேனிடம் மூன்று. பொங்கலூரில் கவிதாவின் அப்பா வீட்டில் ஆறு. கொமரலிங்கத்தில் என் பங்காளி மாரப்பனிடம் நான்கு.

வாட்ச்மேன் தென்காசிப் பக்கத்துக்காரர். “குடுத்தத திருப்பிக் கேக்கியளே ஐயா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?” என்று கண்கலங்கிவிட்டார். வேலையைவிட்டு நிறுத்தப் போவதாக நினைத்துக்கொண்டார். கடையில் புதுச் சட்டை மூன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

பொங்கலூரில் சம்பந்தி, பூனையோடு தோட்டத்து வாசலிலேயே நின்றார். குடும்பத்தில் ஆறு பேரும் அன்று அதையே போட்டிருந்தார்கள். நான் வருவது தெரிந்து மரியாதைக்குப் போட்டார்களாம். விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்கென்னுங் சம்பந்தி, கழட்டிக் குடுத்தறோம். கண்ணாலத்துக்கு நீங்க போட்ட செயினு? அதும் வேணுங்களா, இல்லீன்னா பூனை மட்டும் போதுங்களா?”

மறுநாள் ஆறு பேருக்கும் நல்ல சட்டை, சம்பந்திக்குப் பட்டுக்கரை வேட்டி, ஒரு கிலோ இனிப்பு என்று கொண்டுபோய் வைத்த பிறகுதான் காப்பியே வந்தது.

கொமரலிங்கத்தில் புதுச் சட்டைகளைக் கொடுத்ததும் மூன்று சட்டை சுலபமாகக் கிடைத்தன. நான்காவது, அமராவதி வாய்க்கால் ஓரத்து வயலில் குச்சிக்கு மாட்டி நின்றது.

“அதத் தர முடியாதுங்கண்ணா,” என்றான் மாரப்பன். “பூனையக் கட்டுனதுல இருந்து ஒரு மயிலு வாரதில்ல. நீங்க எடுத்துட்டீங்கன்னா நாளைக்கு நெல்லு பூராப் போயிரும்.”

“ஆர்டரு போயிரும்டா மாரப்பா. இருபத்தஞ்சு மெஷினு!”

“அப்ப உங்க சட்டையக் கழட்டி மாட்டுங்க. மயிலு உங்களப் பாத்தாலும் வராதுன்னு நெனைக்கறேன்.”

என் வெள்ளைச் சட்டை வயலில் நின்றது. காக்கை எச்சமிட்ட பூனைச் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நான் ஊர் வந்தேன். என் பக்கத்து இருக்கையில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. கதவைத் திறந்த கவிதா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கறீங்களா மாமா?” என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் மார்த்தா திரையில் வந்தாள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, ஆங்கிலத்தில் சத்தமாக எண்ணி வெட்டினேன். பதினேழு. அதற்கு மேல் இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தேன்; பையை உதறினேன். செந்தில் முகம் வெளுத்துப் போயிற்று. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிக்கை குறைந்ததற்கு நான் வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.

“இருங்க, இருங்க,” என்று சமையலறையிலிருந்து வந்தாள் சரஸ்வதி. அவள் கையில் தோசைக்கல் பிடிக்கிற துணி. எண்ணெயும் கரியும் ஏறிய அதை விரித்துக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடியில் பாதியும் ஒரு காதும் தெரிந்தன.

“உங்க மாமனாரு குடுத்ததுலயே உருப்படியா உபயோகமானது இது ஒண்ணுதான் கவிதா. அந்தம்மாகிட்டச் சொல்லு.”

கவிதா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். மார்த்தா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆர்டர் கொடுத்தாள். நாற்பது மெஷினும் ஓடுகின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: அழிக்கிற வேலையில் கம்பெனி உரிமையாளரின் தந்தை ஈடுபடக் கூடாது. நான் நான்கு தடவை படித்துப் பார்த்தேன். தப்பிக்க வழியில்லை. செந்தில் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டான். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் என்னை அறிமுகம் செய்கிறான்.

பாட்டுப் படத்தின் மீதியைக் கவிதா இன்னொரு நாள் பார்த்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

அந்தப் பதினெட்டுச் சட்டையை வெட்டாமல் நான் மிச்சம் பிடித்தது, சட்டைக்கு நூற்று நாற்பது வீதம், இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய். வாட்ச்மேனுக்கும் மாரப்பனுக்கும் வாங்கிய சட்டைகள், பொங்கலூர் மரியாதை, வயலில் நிற்கிற என் வெள்ளைச் சட்டை, பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது ஏழாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய்.