மைத்துனனின் கார் உரசியதும் மாமிமார் இறங்கியதும்

எதையும் அளந்து, ஆதாரம் பார்த்து, ஆண்டு மாதத்தோடு சொல்லும் பழக்கம் உள்ளவனை ஒரு குடும்பம் மருமகனாக எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டால், அவனைக் கார் திருத்த விடக்கூடாது. எங்கள் மாமியார் வீட்டார் இரண்டு பிழைகளையும் அடுத்தடுத்துச் செய்தார்கள்.

அது 2006ஆம் ஆண்டுக் கோடை. (மைத்துனன் சுதன் இன்றும் 2007 என்று அடித்துச் சொல்வான். அவனுடைய கலியாணப் படங்களில் எதிர்வீட்டுப் பலகணியில் 2006இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்குக் கட்டிய கொடி வெளுத்துப்போய்த் தொங்குகிறது. மாப்பிள்ளை மறக்கலாம், கொடி மறக்காது.)

சுதனுக்குக் கொலோன் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சம்பளத்தை எல்லாம் எழுபதுகளில் செய்த ஓர் அமெரிக்கக் காரில் கொட்டியிருந்தான். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், தெருவின் பாதியை அடைக்கும் மூக்கு. அதுவும் போதாதென்று பின்பக்கம் அண்டா மாதிரி அகலமான டயர்களைப் போட்டு, ஸ்பிரிங்கையும் தாழ்த்தியிருந்தான். நின்றால் புலி. ஓடினால், சின்னப் பள்ளம் வந்தாலே பின் டயர் மட்காட்டின் உள்விளிம்பில் உரசித் தேங்காய் திருவுகிற சத்தம் போடும்.

அந்தக் காரில்தான் கலியாண மண்டபத்தில் போய் இறங்குவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

“தேங்காய் திருவிக்கொண்டோ மாப்பிள்ளை போறது?” என்றார் மாமனார். “வெள்ளைக் கார் ஒண்டு வாடகைக்கு எடு. இதை வித்துத் தள்ளு.”

“அப்பா, அத்தான் திருத்தித் தருவார்.”

அத்தான் என்பது நான். அதுவரை நான் திருத்தியது மற்றவர்கள் சொல்லும் ஆண்டுகளை மட்டும்தான். ஆனால் கார்களைப் பற்றித் தடித்த புத்தகங்கள் நாலைந்து படித்திருந்தேன். படித்தவனுக்கு வருகிற துணிவு மெக்கானிக்குக்கு வராது.

“சரி,” என்றார் மாமனார். “ஆனா கலியாணத்தண்டைக்கு ஒரு சத்தம் கேட்டாலும் திங்கக்கிழமை கார் விலைக்குப் போகும். பிறகு ஒருத்தரும் கதைக்கப்படாது.”

சுதன் தலையாட்டினான். அவன் முகத்தில் மணப்பெண்ணைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையை நான் பார்த்ததில்லை.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம் என்பதை வரலாறு பதிய வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்த இடைத்தட்டைக் கழற்றினோம். டயர் உள்ளே போய் ஸ்பிரிங்கில் உரசியது. மெல்லிய தட்டொன்றைப் போட்டோம். பிறகு மட்காட்டின் உள்விளிம்பை மேலே மடிக்க வேண்டியிருந்தது. டயருக்கும் விளிம்புக்கும் நடுவே கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றைச் செருகி, சுதன் காரை மெல்ல மெல்ல உருட்ட, பெயிண்ட் வெடிக்காமல் இருக்க நான் மனைவியின் தலைமுடி உலர்த்தியால் தகரத்தைச் சூடாக்கினேன். விளிம்பு அழகாக மடிந்தது. (உலர்த்தி பிறகு வேலை செய்யவில்லை. அது வேறு கட்டுரை.) வாகனப் பரிசோதனைக்கு டெர்மின் எடுத்து, அதாவது முன்கூட்டியே நேரம் குறித்து, போனோம். பரிசோதகர் குனிந்து பார்த்து, “குட்” என்றார். அந்த நாட்டில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

மிஞ்சியது பாரம். பின்சீட்டில் மாமியாரும் அவருடைய அக்காவும் தங்கையும் வருவதென்றும், டிக்கியில் பழங்களும் பலகாரமும் அடுக்கிய தட்டங்கள் வருமென்றும் குடும்பம் தீர்மானித்திருந்தது. அந்தப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்காவிட்டால் என் ஆராய்ச்சி முழுமை பெறாது.

“மாமியின்ரை எடை எவ்வளவு?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“அம்மாட்டையே கேளுங்கோ. கேட்டிட்டு அப்பிடியே ஹோட்டல்லை ஒரு றூம் எடுங்கோ.”

கேட்கவில்லை. கலியாணச் சமையலுக்கு வாங்கிய இருபது கிலோ அரிசி மூட்டைகள் நிலவறையில் இருந்தன. ஒரு மாமிக்கு நாலு மூட்டை என்று கண் சொன்னது. புது மருமகனின் மரியாதை இரண்டு என்றது. ஆளுக்கு இரண்டே ஏற்றினேன். தட்டங்களுக்கு ஒன்றும் ஏற்றவில்லை.

“அத்தான், பெரியம்மாவுக்கு ரெண்டு காணுமோ?” என்றான் சுதன்.

“பெரியவையைப் பற்றி அப்பிடிக் கதைக்கப்படாது,” என்று கண்டித்தேன்.

உரசினால் அழியட்டும் என்று டயரில் சோக்குக்கட்டியால் கோடு போட்டு ஊரெல்லாம் ஓட்டினோம். ஒரு கோடும் அழியவில்லை. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரே, “பரவாயில்லை, படிச்ச பெடியன்,” என்றார்.

கலியாண நாள். மாமிமார் மூவரும் பட்டும் பதக்கமுமாக ஏறினார்கள். சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. ஓட்டியது நான்; தலைப்பாகையோடு சுதன் என் பக்கத்தில். கார் கசெற்றில் நாதஸ்வரம். மாமனாரும் மற்றவர்களும் பின்னால் ஒரு வான் வண்டியில். முதல் திருப்பத்திலேயே தேங்காய் திருவத் தொடங்கியது.

“அத்தான்,” என்றான் சுதன் உதடு அசையாமல், “நாதஸ்வரத்தைக் கூட்டுங்கோ.”

கூட்டினேன். சத்தத்தை மறைத்தது, மணத்தை மறைக்கவில்லை.

“ஆரடி இவ்வளவு சாம்பிராணி போட்டது?” என்றார் பெரிய மாமி.

“இது றப்பர் மணமெல்லோ, அக்கா,” என்றார் சின்ன மாமி.

டிராம் தண்டவாளத்தைக் கடந்தபோது கார் ஒருமுறை துள்ளி அமர்ந்தது. பின்னாலிருந்து புகை வந்தது. வானிலிருந்து ஹோர்ன் சத்தம் வந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

மூவரையும் ஒரேயடியாக வானில் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. வானில் இடமும் குறைவு. எனக்கு விஞ்ஞான முறையும் தெரிந்திருந்தது.

“ஆராவது ஒராள் இறங்கினால் காணும்,” என்றேன்.

“ஆர் எண்டு சொல்லுங்கோவன்,” என்றார் மாமியார். “நீங்கதானே கணக்குப் பாத்தனீங்கள்.”

“முதல்லை சின்ன மாமி இறங்கட்டும். சத்தம் நிக்காட்டி மற்ற ஆளைப் பாப்பம்.”

சின்ன மாமி இறங்கினார். காரை உருட்டினேன். உரசியது. “கேட்டியளே, நான் இல்லை!” என்று நடைபாதையில் நின்றே அறிவித்தார். பெரிய மாமி இறங்கினார். உரசியது. “நானும் இல்லை!” சைக்கிளில் போன ஜெர்மன்காரர் ஒருவர் நின்று பார்க்கத் தொடங்கினார்.

பிறகு மாமியார் இறங்கினார். அவருடைய பாதம் நிலத்தில் பட்டதும் காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல உயர்ந்தது. உருட்டினேன். பூனை நடப்பதுபோல ஓடியது.

 காரில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

“மாமி, இது டிக்கியிலை இருக்கிற தட்டங்களின்ரை பாரமும் சேர்ந்துதான். கடைசியா இறங்கினவை எண்டு…” என்று தொடங்கினேன். பட்டுச்சேலையோடு நடுத்தெருவில் நிற்கிற மாமியாருக்கு இயற்பியல் விளக்கக்கூடாது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

மாமனார் வானிலிருந்து இறங்கி வந்தார். “முடிஞ்சுது. திங்கக்கிழமை இது விக்கிறது.”

சுதன் கண்ணை மூடிக்கொண்டான்.

“விப்பியள்!” என்றார் மாமியார். “ஏன் வித்தவை எண்டு சனம் கேக்கும். நான் ஏறினதாலை எண்டு இவளவை ரெண்டு பேரும் சொல்லுவாளவை. கார் வீட்டிலை நிக்கட்டும். விக்கிற கதை கதைச்சால் நான் மண்டபத்துக்கு வரமாட்டன்.”

சொல்லிவிட்டு வானை நோக்கி நடந்தார்; அக்காவும் தங்கையும் பின்னால் போனார்கள். உள்ளே இருந்த மூன்று இளைஞர்கள் தாமாகவே இறங்கி டிராமுக்குப் போனார்கள். சுதன் தன் காரிலேயே, சத்தமில்லாமல், முகூர்த்தத்துக்கு முன் போய் இறங்கினான். கார் இன்றும் அவனிடம்தான் இருக்கிறது. என் இயந்திர அறிவு காப்பாற்ற முடியாததை என் அறிவின்மை காப்பாற்றியது.

மாமியார் அதன் பிறகு என்னோடு பேசினார். ஆனால் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அண்மையில் குடும்பமாகக் கனடாவுக்குப் பறந்தோம். கடலுக்கு மேலே விமானம் கடகடவென்று குலுங்கியது. எல்லோரும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்து மாமியார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“மருமகன்,” என்றார், “இப்ப ஆர் இறங்கவேணும்?”