வாசலில் நின்ற மைனஸ் வரிசை

ஆமத்தூர்
9.8.2007

அன்பு மருமகள் இசைவாணிக்கு, தாய்மாமன் முனியராஜ் ஆசியோடு எழுதுவது. நானும் உன் அம்மா அப்பாவும் இங்கே சுகம். விடுதிச் சோற்றைத் தின்றும் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பவேண்டியிருக்கிறது.

நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். யாரிடம் என்று கேட்காதே, சொன்னேன்.

போன வாரம் போனில் அழுதாயே, "தீபாவளியோட படிப்பை முடிச்சுக்கிட்டு வான்னு அப்பா சொல்றாக மாமா, நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு நீங்கதான் அவுகளுக்குப் புரியவைக்கணும்" என்று. எட்டாம் வகுப்பு அறிவியலை இரண்டு தரம் படித்தவன் நம் குடும்பத்தில் என்னை விட்டால் யார்? நீ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நரம்பின் தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். ஒரு ரசாயனத் தூது வந்து தொட்டால் வாசல் திறக்கும். திறந்தாலும் எல்லோரும் நுழைந்துவிட முடியாது. உட்சுவரில் மைனஸ் மின்னேற்றம் இருந்தால் அது பிளஸ் சோடியத்தை இழுத்துக்கொள்ளும், மைனஸ் குளோரைடைத் தள்ளிவிடும். அட, இது என் வேலையல்லவா? எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி கேட்டில் நின்று, நைலான் சேலை உரசினால் மின்சாரம் ஏறும், பொறி பறக்கும் என்று அதைக் கட்டி வேலைக்கு வருகிற பெண்களை ஓரங்கட்டி, நூல் சேலைகளை மட்டும் உள்ளே விடுகிறவன் நான்.

உன் அப்பா பேக்கிங் வேலைக்கு வரும்போது மறித்தேன். "மச்சான், இங்கன நில்லுங்க. உங்க மக படிப்பைக் கண்ணால பாத்துட்டுப் போங்க." ஓரங்கட்டிய நைலான் சேலைகளை கேட்டுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தினேன். இதுதான் மைனஸ் சுவர், நூல் சேலை வந்தால் கையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும், மற்றது வந்தால் தள்ள வேண்டும் என்று உத்தரவு. அந்த வரிசையில் நின்ற குருவம்மாள் முறைத்தாள்.

"ஏண்ணே, எங்களப் பாத்தா மைனஸாவா தெரியுது?"

"கோவிச்சுக்காத தாயி. நீ இல்லேன்னா நரம்புக்குள்ள கண்டவனும் போயிருவான்."

"அம்புட்டுப் பெரிய வேலைன்னா மேனேஜர்ட்டச் சொல்லிக் கூலியக் கூட்டச் சொல்லுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மேனேஜர் காசிராஜனே வந்துவிட்டார், பளபளவென்று பாலியெஸ்டர் சட்டையில். பாலியெஸ்டரும் நைலான் மாதிரி மைனஸ்தான், மைனஸ் வந்தால் தள்ளு என்று சொன்னதும் நான்தான். சீசன் முழுக்க அவரிடம் ஏச்சு வாங்கிய கைகள் அறிவியலுக்குக் குறையே வைக்கவில்லை. மனுஷர் தீயணைக்கிற மணல் வாளிகளின் மேல் போய் உட்கார்ந்தார். எழுந்து மணலைத் தட்டியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முனியராஜ், உம்ம யூனிபார்ம் என்ன துணி?"

தடவிப் பார்த்தேன். டெரிகாட்டன், பாலியெஸ்டர் கலந்தது. இத்தனை வருஷம் ஊர்ச் சேலையெல்லாம் சோதித்தவன் என் சட்டையைச் சோதிக்கவில்லை. ஆனால் இசை, நீ சொன்னதும் இதைத்தானே? அந்த வாசலில் பிரித்துப் பார்க்க வாட்ச்மேன் கிடையாது, சுவரில் ஏறியிருக்கிற மின்னேற்றமே பிரித்துவிடுகிறது என்று? அப்படியானால் இத்தனை காலமும் நான் வாட்ச்மேனே இல்லை, சுவர். இதை மேனேஜருக்கும் விவரமாக எடுத்துச் சொன்னேன். அதனால் இப்போது அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். இத்தனையும் பார்த்த உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் மக இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும் மாப்ள" என்றார். என் துண்டால்தான் துடைத்துவிட்டேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் பட்டம் வாங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இரு தாயி.

உன் மாமன்,
முனியராஜ்

பின்குறிப்பு: கண் கலங்கியது, துண்டு, ஒரு வருஷம், இதெல்லாம் என் சொந்தச் சரக்கு. உன் அப்பா சம்மதம் எதுவும் சொல்லவில்லை. கம்பெனி வேனில் ஊர் வந்து இறங்கும்போது கேட்டார்: "ஏன் மாப்ள, சுவத்துல நாலு நைலானை எடுத்துட்டு அந்த எடத்துல நூல் சேலையை நிப்பாட்டுனா, தள்ளிவிட்ட மைனஸு உள்ள போயிருமா?" எனக்கு எங்கே தெரியும்? "அதைக் கண்டுபிடிக்கத்தான் மச்சான் உங்க மக இன்னும் ஒரு வருஷம் கேக்குறா" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மதுரைக்கு உன்னிடமே கேட்க வருகிறார். நீ ஆராய்கிறது அதைத்தானா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் சனிக்கிழமைக்குள் அதையே ஆராய ஆரம்பித்துவிடு.