ஆராவ் தமிழர் மோட்டார் சைக்கிள் கழகமும் ஒரு தகடும்

ஆராவ் தமிழர் மோட்டார் சைக்கிள் கழகத்தில் அங்கத்தவர் பதினொரு பேர். பதவிகள் பத்து. தலைவர், உபதலைவர், செயலாளர், போசகர் என்று பங்கிட்டுப் பார்த்ததில் பதவி கிடைக்காத ஒரே சீவன் கோபிசன்தான்.

அதற்கு நியாயமான காரணம் இருந்தது. புதிதாக லைசன்ஸ் எடுத்தவர் முதல் இரண்டு வருசமும் பலம் குறைத்த பைக்கைத்தான் ஓடலாம் என்பது சுவிஸ் சட்டம். எஞ்சின் முழு மூச்சு விடாதபடி உள்ளே ஒரு சின்னத் தகட்டைப் பூட்டிவிடுவார்கள். கழகத்தின் யாப்பு சட்டத்தையும் தாண்டிப் போனது. ஏழாம் பிரிவின்படி, அப்படிப்பட்ட பைக்காரர் "அரை அங்கத்தவர்". அவர் வரிசையில் கடைசியாக வரவேண்டும், கூட்டத்தில் வாய் திறக்கப்படாது, எல்லாருக்கும் கோப்பி வாங்கிவர மட்டும் பூரண உரிமை உண்டு.

கோபிசன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது அக்‌ஷயாவுக்காக. இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், கலியாணம் கட்ட முடிவெடுத்தவர்கள். அக்‌ஷயாவின் அண்ணன் ஜதுஷன்தான் கழகத்தின் தலைவர். வீட்டில் கதை எடுத்தபோது அவர் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அரை அங்கத்தவருக்கு முழுத் தங்கச்சியைக் குடுக்கேலாது."

2018 மே மாதம் இரண்டு வருசம் நிறைந்தது. கோபிசன் விடியவே, தகட்டைக் கழற்றுவிக்க, பைக்கைக் கொண்டுபோய் மெக்கானிக் புறுன்னரின் கராஜில் விட்டான். புறுன்னர் பொய் சொல்லத் தெரியாத மனிசன். எஞ்சினைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கழற்ற ஒன்றும் இல்லை."

"எப்படி? பைக் விற்ற கடைக்காரர் பூட்டியதாகச் சான்றிதழ் தந்தாரே."

"சான்றிதழ் இருக்கிறது. தகடு இல்லை. பூட்டின தடயமும் இல்லை. இரண்டு வருசமும் முழுப் பலத்தில்தான் ஓடியிருக்கிறீர்கள்."

ஒவ்வொரு ஏற்றத்திலும் "இழுக்குதில்லை, இழுக்குதில்லை" என்று இரண்டு வருசமாக அழுதது இந்தப் பைக்கிலா? கோபிசனுக்கு நினைக்க வெட்கமாக இருந்தது. கடைக்காரரைப் பிடித்துக் கேட்கலாமென்றால் அந்தக் கடையே மூடிப் போய்விட்டது. புறுன்னர் உள்ளதை உள்ளபடி ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு, லைசன்ஸில் இருந்த கட்டுப்பாட்டை நீக்குவிக்க, வாகன அலுவலகத்தின் மூன்றாம் இலக்க யன்னலுக்குப் போனான். அங்கே இருந்த அம்மணி அதை இரண்டு முறை வாசித்தார்.

"தகட்டைக் கழற்றியதற்கான உறுதி இதில் இல்லையே."

"தகடே இல்லை, அம்மணி."

"இருந்தது. எங்கள் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்."

"பூட்டவே இல்லையென்று கராஜ்காரர் எழுதியிருக்கிறார்."

"பூட்டவில்லையென்றால் கழற்றவும் இல்லை. கழற்றவில்லையென்றால் பலம் குறைந்துதான் இருக்கிறது."

"பலம் முழுதாக இருக்கிறதே."

"அது உங்கள் பைக்கில். நான் கதைப்பது கோப்பைப் பற்றி. விளக்கத்தை எழுத்தில் தாருங்கள்."

எழுத்தில் என்று கேட்டதும் கோபிசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து வயதிலிருந்து அவன்தான் வீட்டுக்கு எழுத்தர். தாய் தகப்பனுக்காக நகரசபைக்கும் காப்புறுதிக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் டொச் மொழியில் கடிதம் எழுதி எழுதிக் கை பழகியவன். இணைப்பு கூடக் கூட அலுவலகம் அடங்கும் என்பது அவன் கண்ட உண்மை.

"ரெண்டு வரி எழுதினாப் போதும், கோபி. இவ்வளவும் என்னத்துக்கு?" என்றாள் அக்‌ஷயா.

"உமக்கு உவையளைப் பற்றித் தெரியாது. ஒண்டையும் மறைக்கப்படாது. எல்லாத்துக்கும் ஆதாரம் வைக்கவேணும்."

வைத்தான். பதினேழு இணைப்புகள். திறந்த எஞ்சினின் படங்கள், புறுன்னரின் கடிதம், இரண்டு வருசமும் எங்கெங்கே ஓடினான் என்ற பட்டியல், நன்னடத்தைக்காகத் தன் பாலர் வகுப்புச் சான்றிதழ்.

மூன்று கிழமையில் பதில் வந்தது.

"மதிப்புக்குரிய ஐயா, தங்கள் ஆதாரங்கள் மிகவும் திருப்தியளிக்கின்றன. தகடு பூட்டப்பட்டிருந்ததை எமது பரிசோதகர் உறுதிசெய்திருப்பதால், தாங்கள் எக்குற்றமும் செய்யவில்லை. தகடு பூட்டப்படவில்லை என்பதைத் தாங்கள் நிரூபித்திருப்பதால், பலம் குறைத்த வாகனத்தில் இரண்டு வருட அனுபவம் தங்களுக்கு இல்லை. ஆகவே பதினான்கு நாட்களுக்குள் தகட்டைப் பூட்டி, அன்றிலிருந்து இரண்டு வருடங்களை ஆரம்பிக்கவும்."

"நான் அப்பவே சொன்னனான்," என்றாள் அக்‌ஷயா. இன்னும் இரண்டு வருசம் கோப்பி வாங்கி, இன்னும் இரண்டு வருசம் கடைசியாக ஓடி, அதற்குப் பிறகுதான் அண்ணனோடு கலியாணக் கதை.

சட்டத்துக்குப் பயந்தவன் கோபிசன். புறுன்னரிடம் போய்த் தகட்டைப் பூட்டுவித்தான்.

வந்த ஞாயிறு கழகக் கூட்டம். அக்‌ஷயாவும் வந்திருந்தாள். பைக்கை நிறுத்த முதலே ஜதுஷன் கேட்டார்.

"என்ன, புறுன்னரிட்டைப் போய் வேலையை முடிச்சிட்டீராம்?"

"ஓம் அண்ணை, முடிஞ்சுது. ஆனா அது வந்து..."

"பொறும். அரை அங்கத்தவர் கூட்டத்திலை கதைக்கப்படாது. திறப்பைத் தாரும், ஓடிப் பாத்துட்டு வாறன்."

போய்ப் பத்து நிமிசத்தில் திரும்பினார். தலைக்கவசத்தைக் கழற்றிய முகத்தில் பரவசம்.

"இதெல்லோ வண்டி! முந்தி இது ஒரு தையல் மெசின். கைபிடியை முறுக்க நெஞ்சு பதறுது."

உபதலைவர் ஓடிப் பார்த்தார். சத்தமே வேறு என்றார். செயலாளர் சந்திரகுமார் ஓடிப் பார்த்து, தனக்குக் கண்ணீர் வந்துவிட்டதாகக் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்தார். அந்த இடத்திலேயே கை உயர்த்தி, கோபிசனை முழு அங்கத்தவர் ஆக்கினார்கள். ஒக்டோபரில் கலியாணம் என்று ஜதுஷன் வாக்குக் கொடுத்தார்.

"இனி நீர் கதைக்கலாம். என்னவோ சொல்ல வந்தீர்?"

கோபிசன் அக்‌ஷயாவைப் பார்த்தான். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

"ஒண்டுமில்லை அண்ணை," என்றான்.

அடுத்த கிழமை புறுன்னரின் கராஜ் வாசலில் பத்துப் பைக்குகள் நின்றன. கோபிசனுக்குச் செய்ததை அப்படியே தங்களுக்கும் செய்யவேண்டும் என்றார்கள். புறுன்னர் திகைத்துப்போய், "நிச்சயமாகவா? அதை எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டார். தராமல் விடுவார்களா? கழகத்தின் கடிதத் தலைப்பில், றப்பர் முத்திரையும் குத்தி, பத்துப் பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். எழுத்தில் கேட்டதை அவர் எழுத்துப்படியே செய்தார்.

செப்டெம்பரில் கழகம் கிளவுசன் மலைக் கணவாய்க்குப் புறப்பட்டது. முன்வரிசையில் ஜதுஷனும் கோபிசனும், கோபிசனுக்குப் பின்னால் அக்‌ஷயாவும். இவ்வளவு பலத்தை ஏற்றத்தில் அவிழ்த்துவிட்டால் உயிராபத்து என்பதால், நாற்பதுக்கு மேல் எவரும் ஓடப்படாது என்று தலைவர் கட்டளையிட்டிருந்தார். பதினொரு பேரும் பல்லைக் கடித்து, தங்கள் பைக்குகளை அடக்கிக்கொண்டு ஏறினார்கள்.

பின்னால் வந்த மஞ்சள் தபால் பஸ் மூன்று தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, பதினொரு பேரையும் விலத்திக்கொண்டு போனது. யன்னலுக்குள்ளிருந்து ஒரு கிழவி கை காட்டினாள்.

ஜதுஷன் அந்த பஸ்ஸை மரியாதையோடு பார்த்தார்.

"அவனும் புறுன்னரிட்டைத்தான் செய்விச்சிருக்கிறான்," என்றார்.