தலைமை தாங்கிய பதிவேடு

உலகம் கண்ட குழுக்களிலேயே மகத்தானது எங்கள் அலுவலகத்தின் ‘தலைமைப் பண்பு ஆய்வுக் குழு’தான் என்பதை, அதன் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தலைமை பிறவிக் குணமா, சூழ்நிலை தருவதா என்று பதினோரு கூட்டங்களில் ஆராய்ந்தோம். பிறவிக் குணம்தான் என்று மேலாளர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டதால் மீதிப் பத்தும் சுமுகமாக நடந்தன.

பன்னிரண்டாவது கூட்டத்தின் நடுவே பழைய கோப்புகள் அறையிலிருந்து புகை வந்தது. எங்கள் மாடியில் ஓர் ஒழுங்கு உண்டு. ‘வெளியேறும் பதிவேட்டில்’ நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போடாமல் யாரும் படியிறங்கக் கூடாது. ஆகவே நாற்பது பேரும் இருமிக்கொண்டே வரிசையில் நின்றோம். காரணம் என்ற கட்டத்தில் ‘தீ’ என்று எழுதலாமா, அது ‘சொந்த வேலை’யில் சேருமா என்று முன்னால் நின்ற கணக்கர் கேட்டார். அதற்கொரு துணைக்குழு அமைக்க மேலாளர் வாயைத் திறந்தார். புகை உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் கூட்டிப் பெருக்கும் அம்மா வந்தார். ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். அந்த மாதம் நிரந்தரமாக வேண்டியவர். வரிசையை ஏற இறங்கப் பார்த்தார். பதிவேட்டைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் இறங்கினார்.

“கீழ வந்து போடுங்க, வாங்க.”

பதிவேடே போன பிறகு அலுவலகம் நிற்குமா? முப்பத்தொன்பது பேர் பின்னாலேயே ஓடினார்கள். வழி தெரியாமல் உள்ளே சிக்கிய ஒருவரை அந்த அம்மா திரும்ப மேலேறிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பதின்மூன்றாவது கூட்டத்தில் மேலாளர் கேட்ட கேள்வி பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது.

“அவங்களுக்குத் தலைமைப் பண்பு இருந்திருந்தா ஏழு வருஷமா பெருக்கிக்கிட்டா இருப்பாங்க?”

அந்த அம்மா செய்தது வெறும் சூழ்நிலை என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். புகையிலும் நிதானம் இழக்காத மேலாளருக்கு ‘பிறவித் தலைவர்’ விருது. பதிவேட்டை அனுமதியின்றி இடம் மாற்றிய அம்மாவுக்கு நிரந்தரம் ரத்து.

அந்த உத்தரவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அப்ப நான் என்ன சார் பண்ணியிருக்கணும்?”

முறைப்படி எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் தாளை மடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

“கை வலி போயிடுச்சா சார்? அன்னிக்குப் புகையில கொஞ்சம் முரட்டுத்தனமா இழுத்துட்டேன்.”

போய்விட்டது என்றேன். அந்தக் கையால்தான் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.